எலித் தூசியிலிருந்து மூக்கைக் காப்பது எப்படி: அனிமல் ஹவுஸ் வேலைக்காரர்களுக்கு

ஆய்வுக்கு எலி வளர்க்கும் அனிமல் ஹவுஸில் புதிதாகச் சேருகிற பிள்ளைகள் எல்லாரும் எலி கடித்துவிடுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். கடி வாங்கி வேலையை விட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. தும்மலில் ஆரம்பித்து, இழுப்பு வந்து வேலையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நவி மும்பை நெருளில் குடியிருந்தால் இந்த வேலை மூன்று பக்கமும் இருக்கிறது. பன்வெல் வண்டியில் மூன்றாவது ஸ்டேஷன் கார்கர்; அங்கே டாடா மெமோரியல் சென்டரின் ஆக்ட்ரெக் புற்றுநோய் ஆய்வு மையம். தானே வண்டியில் ஏறினால் ரபாலே பக்கத்து மருந்து கம்பெனிகள். குர்லாவில் மாறினால் பரேல். 1899 முதல் அங்கே இருக்கிறது ஹாஃப்கின் நிறுவனம். பிளேக் நோய் எலித்தெள்ளு வழியாகப் பரவுகிறது என்பதை உறுதிசெய்த சோதனைகள் 1900களின் தொடக்கத்தில் பரேலில்தான் நடந்தன. எலியைக் கையாளுவதில் இந்த ஊருக்கு நூறு வருடத்துக்கு மேல் பழக்கம் உண்டு. கேஜ் கழுவுகிறவர் தன் மூக்கைக் காப்பதில்தான் பழக்கம் போதவில்லை.

முதலில், எது ஆகாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எலி முடிதான் அலர்ஜி என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியமான குற்றவாளி மூத்திரம். சுண்டெலியின் ஈரல் ஒரு சிறு புரதத்தைச் சுரக்கிறது. அது மூத்திரத்தில் இறங்குகிறது. மருத்துவர்கள் அதற்கு ‘மஸ் எம் 1’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் ராட் என்று சொல்லும் பெரிய எலியில் அதன் பெயர் ‘ராட் என் 1’. மூத்திரம் கேஜில் விரிக்கும் பெட்டிங்கில் ஊறும், காயும், கேஜை அசைத்தால் தூசியாகக் கிளம்பும். அதில் நுண்ணிய துகள்கள் மணிக்கணக்கில் காற்றிலேயே நிற்கும். முடியிலும் பொடுகிலும் எச்சிலிலும் உண்டு, ஆனால் பெரும்பங்கு மூத்திரத்தினுடையது. ஆண் எலியின் மூத்திரத்தில் இந்தப் புரதம் பெண் எலியைவிடப் பல மடங்கு அதிகம். ஆண் எலிகள் நிறைந்த அறையைக் கடைசியில் எடுத்துக்கொள்வது என் வழக்கம். அந்தத் தூசியோடு மற்ற அறைகளுக்குள் போக வேண்டியதில்லை.

“இது எஸ்.பி.எஃப். எலி, சுத்தமானது” என்று ஒருவர் சொல்வார். குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லாதது என்றுதான் அதற்குப் பொருள். மூத்திரம் அதே மூத்திரம்தான்.

அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், 1998இல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. விலங்குகளைக் கையாளுகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அலர்ஜி அறிகுறியும், பத்தில் ஒருவருக்கு ஆஸ்துமா அறிகுறியும் வருவதாக அது சொல்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதல் மூன்று வருடத்துக்குள் வந்துவிடும். ஆகவே முதல் மூன்று வருடம்தான் நீங்கள் அதிகமாகப் பயப்பட வேண்டிய காலம்.

1. சேரும் முன்

நுரையீரல் ஊதும் சோதனையை, ஸ்பைரோமெட்ரியை, ஒருமுறை செய்து சீட்டைப் பத்திரமாக வையுங்கள். சின்ன வயதில் இழுப்பு, கரப்பான், பூனை நாய் அலர்ஜி இருந்திருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

2. உடை

தலை முழுக்க மூடும் தொப்பி, முழுக்கைக் கவுன், நைட்ரைல் கிளவுஸ். பவுடர் போட்ட லேடெக்ஸ் கிளவுஸ் வேண்டாம். எலி அலர்ஜிக்குத் தப்பி ரப்பர் அலர்ஜியில் விழுந்தவர்கள் உண்டு. கிளவுஸுக்கும் கவுன் கைக்கும் நடுவில் மணிக்கட்டு தெரியக் கூடாது. அங்கேதான் முதலில் தடிப்பு வரும்.

3. மாஸ்க்

நீல நிற சர்ஜிகல் மாஸ்க் உங்கள் எச்சில் எலி மேல் படாமல் தடுக்கும். தூசி உங்களுக்குள் போவதைத் தடுக்காது. ஐ.எஸ். 9473 என்று அச்சிட்ட எஃப்.எஃப்.பி.2 அல்லது என்95 வேண்டும். காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிற வகை முகத்தோடு நன்றாக ஒட்டும். நான் வேறு எதையும் கையில் தொடுவதில்லை.

மூக்குக் கம்பியை ஒரு விரலால் கிள்ளாதீர்கள். இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து பக்கவாட்டில் அழுத்திக்கொண்டு போங்கள். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் மாஸ்க்கை மூடி, பலமாக மூச்சை விடுங்கள். கண் பக்கம் காற்று அடித்தால் மறுபடி சரிசெய்யுங்கள். மீசை மாஸ்க்குக்குள் அடங்கினால் இருக்கட்டும். தாடியோடு என்95 போடுவதும் போடாமல் இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

“அண்ணாச்சி, மூச்சு முட்டுது” என்று ஜூன் மாதப் புழுக்கத்தில் பையன்கள் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொள்வார்கள். முட்டினால் அறையை விட்டு வெளியே வந்து கழற்றுங்கள். நனைந்த மாஸ்க்கை மாற்றுங்கள். தாடைக்கு இறக்கிய மாஸ்க்கின் உட்புறம் கழுத்துத் தூசியை வாரிக்கொள்ளும். திரும்ப ஏற்றினால் அது நேராக மூக்குக்குத்தான் போகும்.

மாஸ்க் கடைசிக் காவல் என்பதையும் மனதில் வையுங்கள். தூசி கிளம்பாமல் செய்வதுதான் முதல் காவல். மீதிப் படிகள் அதற்காகத்தான்.

4. கேஜ் மாற்றுதல்

காற்றை உள்ளே இழுக்கும் சேஞ்சிங் ஸ்டேஷன் இருந்தால் அதற்குள்ளேயே மாற்றுங்கள். அறையின் காற்று மணிக்கு 12 முதல் 15 முறை மாற வேண்டும் என்கின்றன விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் அரசுக் குழுவான சி.பி.சி.எஸ்.இ.ஏ., அதாவது இன்றைய சி.சி.எஸ்.இ.ஏ., வழிகாட்டுதல்கள். அதை அளக்கக் கருவி இல்லாவிட்டாலும் ஒன்று செய்யலாம்: மெல்லிய டிஷ்யூ பேப்பரைக் கிழித்து எக்ஸாஸ்ட் ஜாலியில் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் இழுவை இருக்கிறது. தொங்கினால் மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிடுங்கள், வேலை காத்திருக்கட்டும்.

ஒவ்வொரு கேஜுக்கும் தனித்தனியாகக் காற்று போகும் ஐ.வி.சி. ரேக் இருந்தால் அது எந்த அழுத்தத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். நெகட்டிவ் என்றால் கேஜ் காற்று உள்ளேயே இழுபடும், உங்களுக்கு நல்லது. நோயெதிர்ப்பு இல்லாத நியூட் எலிகளைக் காக்கப் பெரும்பாலும் பாசிட்டிவில் ஓட்டுவார்கள். அது எலிக்குப் பாதுகாப்பு. மூடி சரியாக உட்காரவில்லை என்றால் தூசி உங்கள் பக்கம் வரும். விலை உயர்ந்த ரேக் வந்துவிட்டது என்று மாஸ்க்கைக் கழற்றுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

5. அழுக்கு பெட்டிங்கைக் கொட்டுவது

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. எலியைத் தூக்கி ஊசி போடுகிற ஆராய்ச்சி மாணவரைவிடக் கேஜைக் காலி செய்கிறவர்தான் அதிகத் தூசியைச் சுவாசிக்கிறார். ஆனால் பயிற்சி வகுப்பு மாணவருக்குத்தான் நடக்கும்.

முதல் விதி: எலி இருக்கும் அறையில் கொட்டாதீர்கள். கேஜை மூடியோடு வாஷிங் ஏரியாவின் அழுக்குப் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே ஸ்டாண்டு ஃபேன் ஓடினால் நிறுத்துங்கள். வியர்வைக்கு ஃபேன் போட்டுக்கொண்டு பெட்டிங் கொட்டுகிறவர், அறையில் இருக்கிற எல்லாருக்கும் தூசியைப் பங்கு வைக்கிறார்.

கொட்டும்போதே தூசியை உள்ளே இழுக்கும் டம்ப் ஸ்டேஷன் இருந்தால்: வேலைக்குச் சில நிமிடம் முன்பே ஸ்விட்சைப் போட்டு, இழுவை காட்டும் மீட்டரைப் பார்த்த பிறகு தொடங்குங்கள். கேஜை நன்றாக உள்ளே நீட்டி, மெதுவாகச் சாய்த்து, பெட்டிங் தானாகச் சரிய விடுங்கள். விளிம்பில் தட்டிக் கவிழ்த்தால் இழுவையை மீறித் தூசி முகத்துக்கு வரும்.

டம்ப் ஸ்டேஷன் இல்லையென்றால் இப்படிச் செய்யுங்கள்:

அ. செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து, பெட்டிங் மேல் பனிபோலத் தெளியுங்கள். பீய்ச்சி அடித்தால் அதுவே தூசியைக் கிளப்பும். மேல்பரப்பு நிறம் மாறினால் போதும்.

ஆ. குப்பைப் பையின் வாயைக் கேஜின் விளிம்பில் மாட்டி, கேஜையும் பையையும் சேர்த்து ஒன்றாகத் திருப்புங்கள். உயரத்திலிருந்து பைக்குள் கொட்டக் கூடாது.

இ. திருப்பியதும் கேஜை உடனே எடுக்காதீர்கள். உள்ளே தூசி அடங்கட்டும். பத்து எண்ணிவிட்டு மெல்ல உருவுங்கள்.

ஈ. மூலையில் ஒட்டியதைத் தொட்டி விளிம்பில் டொக் டொக்கென்று அடித்து உதிர்ப்பதுதான் எல்லா இடத்திலும் நான் பார்க்கும் பழக்கம். அந்த ஒட்டியிருக்கிற பகுதிதான் எலி மூத்திரம் போகும் மூலை. புரதம் அதிகம் சேர்ந்த இடம். அப்படியே சோப்புத் தண்ணீரில் அமுக்கி ஊற வைத்தால் தானாகக் கழன்றுவிடும். அவசரம் என்றால் தண்ணீருக்குள் வைத்துச் சுரண்டுங்கள்.

உ. பை முக்கால் நிறைந்ததும் கழுத்தை முறுக்கிக் கட்டுங்கள். இன்னும் இரண்டு கேஜ் பிடிக்கட்டும் என்று பையை அமுக்கி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றாதீர்கள். அந்தக் காற்று முழுக்கத் தூசி. அது வெளியே வரும் உயரத்தில் உங்கள் முகம் இருக்கிறது. நல்ல மாஸ்க், நல்ல கிளவுஸ், ஒழுங்கான வேலை எல்லாம் இருந்தும் இந்த ஒரு அமுக்கலில் கெடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

“நாலே கேஜ்தானே, சல்தா ஹை” என்பது மும்பைக்காரர்களின் தேசிய கீதம். நாலு கேஜுக்கும் இதே முறைதான்.

பெட்டிங் வாங்குகிறவருக்கு ஒரு வார்த்தை: தூசி சலிக்காத உமி மலிவு என்று வாங்காதீர்கள். மக்காச்சோளக் கட்டையில் தூசி குறைவு. உறிஞ்சும் பேட் போட முடிகிற இடத்தில் மரத்தூளை விட பேட் மேல்.

6. கழுவுவது

துடைப்பம் கூடாது. ஈரத் துணி, ஈர மாப் மட்டும். கம்ப்ரஸ்டு ஏர் அடித்து ரேக்கைச் சுத்தம் செய்வது பாவம். சாதாரண வாக்குவம் கிளீனர் நுண்தூசியைப் பின்பக்கமாக வெளியே துப்பும். ஹெப்பா ஃபில்டர் உள்ளது மட்டும் சரி.

7. வீட்டுக்குக் கிளம்பும் முன்

நெதர்லாந்தில் ஆய்வக விலங்குப் பணியாளர்களிடம் செய்த ஓர் ஆய்வில் அவர்களுடைய தலைத் தொப்பியிலும், வீட்டு மெத்தைத் தூசியிலும் எலிப் புரதம் கிடைத்தது. எலியைக் கண்ணால் பார்க்காத குழந்தை அந்த மெத்தை மேல் படுத்துத் தூங்குகிறது. அதனால் கவுனையும் தொப்பியையும் அங்கேயே கழற்றுங்கள். குளிக்க வசதி இருந்தால் குளியுங்கள். இல்லாவிட்டால் முகம், கழுத்து, முழங்கை வரை சோப்புப் போடுங்கள். எண்ணெய் வைத்துப் பின்னிய நீளச் சடை தொப்பிக்கு வெளியே தொங்கக் கூடாது. பூவை வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். வேலை உடுப்பை வீட்டில் துவைக்காதீர்கள், அங்கேயே துவைக்கக் கேளுங்கள்.

8. தும்மல் நோட்டு

ஒரு சின்ன நோட்டு வையுங்கள். தேதி, எந்த வேலை, தும்மல், கண் அரிப்பு, இருமல், இழுப்பு. இவ்வளவு போதும்.

மும்பையில் பிரச்சினை என்னவென்றால் எல்லாரும்தான் தும்முகிறார்கள். மழைக்காலத்தில் சுவர்ப் பூஞ்சை, மற்ற நாளில் கட்டடத் தூசி. “திருநெல்வேலிக்குப் போனேன், சரியாகிவிட்டது” என்றால் அது எலியைச் சுட்டிக்காட்டாது. மும்பைத் தூசியையும் சேர்த்தல்லவா விட்டுவிட்டுப் போனீர்கள்! நெருளிலேயே கழித்த வார விடுமுறையைப் பாருங்கள். அதே வீடு, அதே மழை. ஞாயிறு மூக்கு அடங்கி, திங்களோ செவ்வாயோ திரும்ப ஆரம்பித்தால் சந்தேகம் எலி மேல்தான். பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கி வேலை நாளிலும் விடுமுறையிலும் நாளுக்கு நாலு முறை ஊதி, மூன்று நான்கு வாரம் எழுதிக்கொண்டுபோய்க் காட்டினால் டாக்டருக்குப் பாதி வேலை முடியும். தோலில் குத்திப் பார்க்கும் சோதனையோ ஐ.ஜி.ஈ. ரத்தப் பரிசோதனையோ மீதியைச் சொல்லும். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அந்த டாக்டரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். காண்டிராக்ட் ஆட்களுக்குப் பின்னால் அந்த ஒரு வரி உதவும்.

செய்யக் கூடாதது, தினமும் காலையில் ஒரு செட்டிரிசின் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது. மூக்கு அடங்கும், நுரையீரல் கெடுவது நிற்காது. நோட்டிலும் ஒன்றும் தெரியாமல் போய்விடும். உடம்பு ஒருமுறை எலியை அடையாளம் கண்டுகொண்டால், பிறகு கொஞ்சம் தூசியே போதும். அப்போது சூப்பர்வைசரிடம் சொல்லி வாஷிங் வேலையிலிருந்து மாறுங்கள். சீக்கிரம் விலகியவர்கள்தான் நன்றாகத் தேறுகிறார்கள்.

நெஞ்சு இறுகி இழுத்தால் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள். எலி கடித்த பிறகு உதடு வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ ஆட்டோவுக்கு அலையாமல் 108ஐக் கூப்பிடுங்கள். அபூர்வம்தான், ஆனால் நிமிடக்கணக்கில் ஆளைச் சாய்க்கும்.

கையெழுத்துப் போடுகிற அதிகாரிகளுக்குக் கடைசியாக ஒன்று: அடுத்த வருடப் பட்ஜெட்டில் ஒரு கருவிக்குத்தான் இடம் என்றால், புது ரேக்கை ஒத்திப்போட்டு டம்ப் ஸ்டேஷனை வாங்குங்கள்.