உதவப் போகுமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்
கோஸ்டா ரிக்காவை முன்வைத்து ஒரு வகுப்பறைச் செயல்பாடு

அமெரிக்கக் கண்டங்களைப் பற்றிய பாடம் நடத்தும்போது மாணவர்களை உலக வரைபடத்தில் மதுரையின் மீது விரல் வைக்கச் சொல்லுங்கள். 10° வட அட்சக்கோட்டை ஒட்டி மேற்கு நோக்கி விரலை நகர்த்தட்டும். கொச்சி, அரபிக்கடல், சோமாலியா, எத்தியோப்பியா, நைஜீரியா, அட்லாண்டிக் பெருங்கடல், வெனிசுவேலா, கொலம்பியா எனக் கடந்து, விரல் கோஸ்டா ரிக்காவில் போய் நிற்கும். அந்நாட்டின் தலைநகர் சான் ஹோசே ஏறத்தாழ மதுரையின் அட்சத்திலேயே அமைந்துள்ளது. நம் வகுப்பறையில் காலை 10 மணி என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 10.30. இந்த ஒரு செய்தி போதும், வகுப்பு விழித்துக்கொள்ளும்.

இந்த நாட்டை வைத்து, சமூக அறிவியலையும் நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய பசுமைப் படை போன்ற பள்ளி அமைப்புகளின் பணியையும் இணைத்து, 8 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு இரண்டு பாடவேளைச் செயல்பாடு ஒன்றை அமைக்கலாம்.

கற்றல் விளைவுகள்

• கோஸ்டா ரிக்காவின் அமைவிடம், இயற்கை வளம், வரலாறு ஆகியவற்றை அறிதல்.
• தன்னார்வப் பணியின் பயனை அது நடக்கும் ஊரின் பக்கமிருந்து மதிப்பிடுதல்.
• தம் பள்ளி, தம் ஊர் சார்ந்த சேவைத் திட்டம் ஒன்றைக் கேள்விகளின் துணையுடன் வடிவமைத்தல்.

ஆசிரியருக்கான பின்புலம்

கோஸ்டா ரிக்காவின் பரப்பு சுமார் 51,100 ச.கி.மீ, தமிழ்நாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு. கிழக்கே கரீபியன் கடல், மேற்கே பசிபிக் பெருங்கடல். உள்நாட்டுப் போருக்குப் பின் 1948இல் ஹோசே ஃபிகெரெஸ் தலைமையிலான அரசு இராணுவத்தைக் கலைத்தது. 1949ஆம் ஆண்டு அரசமைப்பு அதை உறுதிசெய்தது. மேய்ச்சலுக்கும் பயிருக்கும் காடுகளை அழித்து, 1980களில் பெரும்பகுதிக் காட்டை இழந்திருந்த நாடு இது. 1996ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படி, காட்டைக் காக்கும் நில உரிமையாளருக்கு அரசே பணம் கொடுக்கிறது. எரிபொருள் வரியின் ஒரு பங்கு இதற்குச் செல்கிறது. இன்று நாட்டின் பாதிக்கு மேற்பட்ட நிலத்தில் மீண்டும் காடு நிற்கிறது.

இந்தக் காடுகளும் கடற்கரைகளும் ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய பகுதிகளிலிருந்து இளைஞர்களை ஈர்க்கின்றன. பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேருமுன் முதுகில் ஒரு பையுடன் கிளம்பி வருவோர் பலர். மலிவான விடுதிகளில் தங்கிப் பேருந்தில் ஊர் ஊராகச் செல்கிறார்கள். இடையில் ஓரிரு வாரம் ஓர் ஊரில் தங்கித் தன்னார்வப் பணி செய்கிறார்கள். ஆமைகளைக் காத்தல், மரக்கன்று நடுதல், குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தல், பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசுதல் ஆகியவை வழக்கமான பணிகள். உணவுக்கும் தங்குமிடத்துக்கும் பெரும்பாலும் அவர்களே பணம் கட்டுகிறார்கள்.

கரீபியன் கரையிலுள்ள டோர்ட்டுகேரோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஊருக்குச் சாலை கிடையாது. கால்வாய் வழியே படகில் செல்ல வேண்டும், அல்லது சிறு விமானத்தில் இறங்க வேண்டும். ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1950களில் அங்கே பச்சைக் கடலாமைகளுக்கு அடையாள வில்லை பொருத்தி ஆய்வைத் தொடங்கினார். அந்தப் பணி இன்றுவரை தொடர்கிறது. தன்னார்வலர்கள் காலையில் சோறும் கறுப்பு பீன்ஸும் கலந்த ‘காயோ பிந்தோ’ சாப்பிடுவார்கள். இரவில் கருப்பு உடையில், வெள்ளை விளக்கு இல்லாமல் கரையில் நடப்பார்கள். ஆமையின் ஓட்டை அளப்பது, முட்டைகளை எண்ணுவது, வில்லை எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுவது ஆகியவை அவர்களின் வேலை. எளிய வேலைதான். ஆனால் பல்லாண்டுக் காலம் ஒரே முறையில் எழுதப்பட்ட அந்தக் குறிப்புகளால்தான் ஆமைகளின் எண்ணிக்கை கூடுகிறதா, குறைகிறதா என்று சொல்ல முடிகிறது.

எல்லாப் பணிகளும் இப்படி அமைவதில்லை. எந்தப் பணி ஊருக்குப் பயன்படுகிறது, எது வந்தவரின் மனநிறைவோடு முடிந்துவிடுகிறது என்று பிரித்தறியப் பின்வரும் மூன்று நிகழ்வுகளை மாணவர்முன் வைக்கலாம்.

நிகழ்வு 1: ஓஸ்தியோனால்

பசிபிக் கரையிலுள்ள இந்தச் சிற்றூருக்குப் பங்குனி ஆமைகள் சில நாள்களுக்குள் ஆயிரமாயிரமாய்க் கரையேறி முட்டையிடும். நம் ஒடிசாவின் கஹிர்மாதா கரையில் நடப்பதும் இதுவே. 1987 முதல் ஓஸ்தியோனால் மக்கள், ஆமைகள் வரத் தொடங்கிய முதல் நாள்களில் இடப்படும் முட்டைகளில் ஒரு பகுதியை எடுத்து விற்கச் சட்டம் அனுமதிக்கிறது.

புதிதாக வரும் தன்னார்வலர் இதைப் பார்த்தால் அதிர்ச்சி அடைவார். காரணத்தை ஊரார் விளக்குவர்: முதலில் வரும் ஆமைகளின் முட்டைகளைப் பின்னால் வரும் ஆமைகள் தோண்டி உடைத்துவிடுகின்றன. உடைந்த முட்டைகள் அழுகி மற்ற கூடுகளையும் கெடுக்கின்றன. எனவே வீணாகப் போகும் முட்டைகளை எடுத்து வருமானம் பெறும் மக்கள், அதற்கு ஈடாகக் கரையைத் துப்புரவு செய்கிறார்கள், திருடர்களிடமிருந்து காக்கிறார்கள், குஞ்சுகள் கடல் சேரத் துணை நிற்கிறார்கள்.

இந்தியாவில் கடலாமை முட்டை எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதை ஆசிரியர் இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஓஸ்தியோனாலின் விதி அந்தக் கரைக்கு உரியது.

கேள்வி: இந்த இடத்தைப் பற்றி அதிகம் அறிந்தவர் யார்? அவரிடம் கேட்டோமா?

நிகழ்வு 2: குழந்தைகள் வாங்கிய காடு

1987இல் ஸ்வீடனின் கிராமப்பள்ளி ஒன்றில் ஆசிரியர் ஏஹா கெர்ன் தம் மாணவர்களுக்கு மழைக்காடுகளைப் பற்றிப் பாடம் நடத்தினார். கோஸ்டா ரிக்காவின் மோன்தேவெர்தே காட்டில் ஆய்வு செய்த உயிரியலாளர் ஷேரன் கின்ஸ்மன் அந்த வகுப்புக்கு வந்து, காடு அழிவதைப் படங்களுடன் விளக்கினார். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்டான். காட்டை வாங்கிக் காப்பது என்று வகுப்பு முடிவு செய்தது. குழந்தைகள் நாடகம் போட்டும் பொருள்கள் விற்றும் பணம் திரட்டினார்கள். பல நாட்டுக் குழந்தைகளும் சேர்ந்துகொண்டனர். மோன்தேவெர்தேயில் இயங்கும் காப்பு அமைப்பு அந்தப் பணத்தில் நிலம் வாங்கியது. ‘குழந்தைகளின் நிலைத்த மழைக்காடு’ என்ற பெயரில் இன்று 22,000 ஹெக்டேருக்கு மேல் அது விரிந்திருக்கிறது. இந்தக் காட்டைக் காக்க அக்குழந்தைகள் விமானம் ஏற வேண்டியிருக்கவில்லை. காவல் காப்பவர்கள் அந்த மண்ணிலேயே வாழ்பவர்கள்.

இதனுடன் ஒப்பிட, இரண்டு வாரம் ஆங்கிலம் கற்பிக்க வரும் இளைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பின் ஆசிரியர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாறினால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வருபவர் ஒவ்வொருவரும் நிறங்களின் பெயர்களில் தொடங்குவார். பிள்ளைகள் அதைத் தாண்டிப் போவதே இல்லை. அதே இளைஞர் அந்த ஊர் ஆசிரியருக்குத் துணையாக அமர்ந்து, அவர் தரும் பாடத்தில் உச்சரிப்புப் பயிற்சி மட்டும் கொடுத்தால் பயன் உண்டு.

கேள்வி: நாம் கிளம்பிய பிறகு எது நிற்கும்? அதை யார் தொடர்வார்?

நிகழ்வு 3: மொயின் கடற்கரை

ஹைரோ மோரா, கரீபியன் கரையைச் சேர்ந்த 26 வயது இளைஞர். ஏழுவரி ஆமைகளின் முட்டைகளைத் திருடர்களிடமிருந்து காத்துவந்தார். முட்டைத் திருட்டும் போதைப்பொருள் கடத்தலும் பிணைந்திருந்த கரை அது. 2013 மே மாத இறுதியில் ஓர் இரவு, நான்கு வெளிநாட்டுத் தன்னார்வலப் பெண்களுடன் சுற்றுக்காவல் சென்றபோது முகமூடி அணிந்த கும்பல் அவர்களை மறித்தது. அந்தப் பெண்கள் உயிர் தப்பினர். ஹைரோ கொல்லப்பட்டார். 2016இல் நடந்த மறுவிசாரணையில் நால்வர் தண்டிக்கப்பட்டனர்.

தன்னார்வலர்களுக்கு வீடு திரும்ப விமானச்சீட்டு இருக்கும். ஊர்க்காரருக்கு அந்தக் கரைதான் வீடு. பகைத்துக்கொண்டவர்களின் நடுவே அவர் தினமும் வாழ வேண்டும். இந்த நிகழ்வை 9ஆம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களிடம் மட்டும், விவரங்களைக் கூட்டாமல் பகிர்வது நல்லது.

கேள்வி: இந்தப் பணியின் ஆபத்தையும் சுமையையும் ஏற்பவர் யார்?

வகுப்பறையில் நடத்தும் முறை

முதல் பாடவேளை: வரைபடச் செயல்பாட்டுக்குப் பின் வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரித்து ஆளுக்கொரு நிகழ்வைக் கொடுங்கள். ஒவ்வொரு குழுவிலும் பாதிப்பேர் தன்னார்வலராகவும் மீதிப்பேர் ஊர்மக்களாகவும் பேசட்டும். பத்து நிமிடம் கழித்து இடம் மாறட்டும். கேள்வியை நாம் முதலிலேயே சொல்லிவிடாமல், உரையாடலிலிருந்து வரவிட்டுக் கரும்பலகையில் எழுதுவது சிறப்பு. 8ஆம் வகுப்பில் இரண்டு நிகழ்வுகள் போதும். மூன்றாம் கேள்வியை மட்டும் தனியே எழுப்பலாம்.

இரண்டாம் பாடவேளை: மூன்று கேள்விகளையும் நம் ஊருக்குத் திருப்புங்கள். ஏழு நாள் சிறப்பு முகாமில் கிராமத்துச் சாலையோரம் மரக்கன்று நடுவதாக வைத்துக்கொள்வோம். எந்த மரம் அங்கே தழைக்கும் என்று ஊர்ப் பெரியவரிடம் கேட்டோமா? சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றுபவர் யார்? ஆடு கடிக்காமல் வேலி போடும் செலவு யாருடையது? மாணவர்கள் இவற்றுக்கு விடை தேடி அடுத்த வாரத்துக்குள் ஊரில் மூவரைச் சந்தித்துக் குறித்துவரட்டும்.

கடலோர மாவட்டப் பள்ளிகளுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் பங்குனி ஆமைகளின் முட்டைகளைத் தேடி இரவில் நடந்து, பொரிப்பகத்தில் சேர்த்துக் காத்துவருகிறார்கள். ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்துத் தொடரும் இப்பணியை இரண்டாம் கேள்விக்கு விடையாகப் படிக்கலாம்.

மதிப்பீடு

‘எங்கள் ஊருக்கு ஒரு வெளிநாட்டு மாணவர் 15 நாள் உதவ வருகிறார்’ என்ற தலைப்பில் மாணவர்கள் ஒரு பக்கம் எழுதட்டும். அவருக்கு எந்த வேலை தருவார்கள், எதைத் தரமாட்டார்கள், முதலில் யாரிடம் அழைத்துப் போவார்கள் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். காரணங்களுக்கே மதிப்பெண். உதவி பெறும் இடத்தில் தம்மை நிறுத்திப் பார்க்கும் மாணவர், நாளை முகாமுக்குச் செல்லும்போது மண்வெட்டியைக் கையில் எடுக்குமுன் அந்த ஊராரிடம் நின்று பேசுவார்.