விளக்கிலிருந்து விளக்கு

நுழையும்முன்

மருத்துவமனை வளர்ந்தது என்றால் கட்டில்கள் பெருகின, மாடிகள் உயர்ந்தன என்றே பொருள்கொள்கிறோம். மகாராட்டிரத்தின் வறண்ட நிலத்தில், பழைய கால்நடை மருந்தகம் ஒன்றில் தொடங்கிய நலவாழ்வு நிலையம் வேறு வகையில் வளர்ந்தது. மருத்துவர்கள் தம் அறிவை ஊராரிடம் ஒப்படைக்கத் துணிந்தமையால் நேர்ந்த வளர்ச்சி அது. அதனை எடுத்துரைப்பது இப்பாடம்.

மழை மறைந்த நிலம்

இன்று அகில்யாநகர் என வழங்கும் அகமதுநகர் மாவட்டத்தில் அமைந்துள்ளது ஜாம்கேட். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் மேகங்கள் இங்கு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் வற்றிவிடுகின்றன. சோளமும் கம்புமே முதன்மைப் பயிர்கள். மழை பொய்த்த ஆண்டில் அவையும் இல்லை.

நிலம் கைவிட்ட குடும்பங்கள் கரும்பு வெட்டச் செல்கின்றன. தீபாவளியை ஒட்டிப் புறப்படுவோர் கோடையின் தொடக்கத்தில்தான் ஊர் திரும்புவர். கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் 'கொய்தா' எனக் கணக்கிடப்படுகின்றனர். கொய்தா என்பது மராத்தியில் அரிவாளைக் குறிக்கும் சொல். இரு மனிதர்க்கு ஓர் அரிவாளின் பெயர்! ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் பெற்றுவிட்டபடியால் காய்ச்சலென்றும் பேறுகாலமென்றும் ஓய்ந்திருக்க இயலாது. உடன் செல்லும் குழந்தைகளுக்குப் பள்ளி தடைப்படும். போடத் தொடங்கிய தடுப்பூசியும் பாதியில் நிற்கும். ஆண்டின் பாதியை வயலோரக் குடிசைகளில் கழிக்கும் இம்மக்களுக்கு, ஓரிடத்தில் அமர்ந்து நோயாளியை எதிர்நோக்கும் மருத்துவமனை எந்த அளவு பயன்படும்?

வேலூரில் பயின்ற இருவர்

இவ்வினாவைத் தம் வாழ்வின் வினாவாகக் கொண்டவர்கள் ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே என்னும் மருத்துவ இணையர். இருவரும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். மணம் புரிந்தபோதே சிற்றூர் ஏழைகளுக்கு உழைப்பதெனத் தீர்மானித்துக்கொண்டனர். முதலில் அகமதுநகர் மாவட்டத்தின் வடாலா என்னும் ஊரிலிருந்த மருத்துவமனையில் பணியாற்றினர்.

அங்கே ஓர் உண்மை அவர்களை உறுத்தியது. வயிற்றுப்போக்கால் வாடிய குழந்தையைத் தேற்றி அனுப்பினால், அதே குழந்தை சில வாரங்களில் அதே நோயோடு திரும்பி வந்தது. நோய் கிணற்றில் இருந்தது. மருந்தோ மருத்துவமனையில் இருந்தது. பின்னர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுநலவாழ்வுக் கல்வி பயின்று, 1970இல் ஜாம்கேட் வந்து சேர்ந்தனர். ஊர்த் தலைவர்கள் அளித்த கால்நடை மருந்தகக் கட்டடத்திலேயே நோயாளிகளைப் பார்க்கலாயினர்.

நீரும் சோறும்

அவர்கள் வந்த காலம் மகாராட்டிரத்தின் கொடிய பஞ்சக் காலம். 1972ஆம் ஆண்டின் வறட்சி இன்றும் அப்பகுதி முதியோர் நினைவில் நிற்பது. மருந்தைப் பற்றிப் பேசுவோரை ஊரார் பொருட்படுத்தவில்லை; அவர்கள் கேட்டவை நீரும் சோறும். ஆரோலே இணையர் அவற்றிலிருந்தே தொடங்கினர். ஊர்தோறும் பொதுச் சமையல் ஏற்பாடாயிற்று. பாறையைத் துளைக்கும் இயந்திரங்கள் வரவழைக்கப்பட்டு, ஆழ்துளைக் கிணறுகளும் அடிகுழாய்களும் அமைக்கப்பட்டன.

கிணற்றை எங்கே தோண்டுவது என்பதில் ஒரு நுட்பம் இருந்தது. தலித் மக்கள் ஊர்ப் பொதுக்கிணற்றைத் தொடக்கூடாத காலம் அது. பிறர் மொண்டு ஊற்றும் வரை குடத்தோடு தொலைவில் காத்து நிற்க வேண்டும். ஆழ்துளைக் கிணறுகளுக்கோ அம்மக்களின் குடியிருப்புப் பகுதிகளே இடமாகத் தெரிவு செய்யப்பட்டன. நீர் வேண்டுமாயின் ஏனையோர் அங்கே வந்தாக வேண்டும். எவரிடமும் அறவுரை பேசாமல், நிலத்தடி நீரைக் கொண்டே நூற்றாண்டுத் தடை ஒன்றை அசைத்த செயல் இது. நோய்த்தடுப்புப் பணியாகவே இதனை மேற்கொண்டனர் என்பதை மறக்கலாகாது. தூய நீர் ஊரில் ஒரு பகுதியார்க்கு மட்டும் கிடைத்தால் வாந்திபேதி ஊரைவிட்டுப் போகாது.

ஆடவரை ஒன்றுசேர்க்கக் கைகொடுத்தது கைப்பந்து. ஆடுகளத்தில் பல சாதியினரும் ஒரே அணியில் நின்றனர். அப்பழக்கத்தின் வழியே உழவர் மன்றங்கள் தோன்றின; மகளிர் மன்றங்கள் பின்னர் வந்தன.

செவிலியர் தங்காத ஊர்

பயிற்சி பெற்ற செவிலியரை ஊரூராக அனுப்பும் திட்டம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. நகரிலிருந்து வந்த இளம்பெண் தனியே தங்க அஞ்சினாள். ஊர்ப் பெண்களும் அவளிடம் மனம் திறக்கவில்லை. கருவுற்றவளுக்கு நிறைய உண்ணச் சொன்னால், குழந்தை பெருத்துப் பேறு கடினமாகும் என அஞ்சி மாமியார் மறுப்பார். மாமியாரின் அச்சத்தை மாற்றும் சொல், அவர் அறிந்த ஒருத்தியின் வாயிலிருந்தே வரவேண்டும் அல்லவா?

ஊராரோடு உரையாடியதில் ஒரு வழி பிறந்தது. ஒவ்வோர் ஊரும் தன்னிடமிருந்தே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாயிற்று. வந்தவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். தலித் பெண்களும், கணவனால் கைவிடப்பட்டவர்களும், கைம்பெண்களும் அவர்களிடையே இருந்தனர். ஊர்க் கூட்டத்தில் நிமிர்ந்து பேசவும் உரிமையற்றிருந்தவர்களின் கையில் மருத்துவம் ஒப்படைக்கப்பட்டது.

வாரந்தோறும் ஜாம்கேடுக்கு வந்து, இரவு தங்கிக் கற்றுத் திரும்பினர். ஒரு வாரம் கண்டதை அவ்வாரமே ஊரில் செய்து பார்த்து, நேர்ந்த இடர்ப்பாட்டை மறுவாரம் வந்து கூறினர். படங்கள், பாடல்கள், கதைகள் ஆகியனவே பாடநூல்கள். தொடக்கத்தில் சாதி பார்த்து விலகி அமர்ந்த பெண்கள் காலப்போக்கில் ஒன்றாக உண்ணலாயினர், ஒன்றாக உறங்கலாயினர். மருத்துவப் பாடத்தினும் கடினமான பாடம் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

அவர்கள் கற்றவை எளியவை. ஆயினும் உயிர் காப்பவை. ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால், வயிற்றுப்போக்கால் நீர் வற்றும் குழந்தைக்குக் கொடுக்கும் கரைசல் கிடைக்கும். சர்க்கரை குடலில் உறிஞ்சப்படும்போது உப்பையும் நீரையும் உடன் ஈர்த்துச் செல்கிறது. இதுவே அதன் செயல்முறை. தூய்மையாகப் பேறு பார்ப்பது, குழந்தையின் எடையைப் பதிவது, தோலில் உணர்வற்ற வெளிறிய தேமலைக் கண்டு தொழுநோயை ஐயுறுவது, நீங்கா இருமலில் காசநோயை ஐயுறுவது ஆகியவற்றையும் பயின்றனர். தம்மால் இயலாத நிலை எது என அறிந்து, உரிய நேரத்தில் மருத்துவமனைக்கு அனுப்பவும் கற்றனர்.

கரும்பு வெட்டச் செல்லும் குடும்பங்களுக்கு இம்முறை தனிப்பயன் உடையது. எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, யார் எப்போது திரும்பினர், எந்தக் குழந்தைக்கு ஊசி விடுபட்டது என்பவற்றை ஏட்டைப் பார்க்காமலே அறிந்தவள் அண்டைவீட்டுப் பெண். இப்பணிக்குப் பெருஞ்சம்பளம் இல்லை. ஆடு வளர்த்தல் முதலிய சிறுதொழில்களுக்குக் கடனுதவி கிடைத்தது. சொந்த வருவாய் வந்ததும் வீட்டிலும் ஊரிலும் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டாயிற்று.

மாற்றத்தின் அளவு

1971இல் இத்திட்டப் பகுதியில் உயிருடன் பிறந்த ஒவ்வோர் 1000 குழந்தைகளுள் 176 குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்கு முன்னரே இறந்தன. 1990களில் அவ்வெண் முப்பதுக்கும் கீழே இறங்கியது. இறக்கத்தைத் தனியொரு மருந்துக்கோ தனியொரு மருத்துவர்க்கோ உரிமையாக்க இயலாது. நீர், உணவு, தடுப்பூசி, பேறுகாலக் கவனிப்பு, பெண்களின் நிலை ஆகிய அனைத்தும் சேர்ந்தே மாறின.

தெரிந்து தெளிவோம்

உலக நலவாழ்வு நிறுவனம் 1975இல் வெளியிட்ட தொகுப்பு நூல் ஒன்றில் ஜாம்கேட் திட்டமும் இடம்பெற்றது. அனைவர்க்கும் நலவாழ்வு என்னும் குறிக்கோளை முன்வைத்த அல்மா ஆட்டா மாநாடு 1978இல் நடைபெற்றது. ஆரோலே இணையர்க்கு 1979இல் ரமோன் மகசேசே விருது வழங்கப்பட்டது.

கூரையில் தொங்கிய சரவிளக்கு

பயிற்சி பெற்ற பெண்களுள் முக்தாபாய் என்பவர் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் நடந்த மாநாடு ஒன்றில் பேச அழைக்கப்பட்டார். கூரையில் ஒளிர்ந்த சரவிளக்குகளைச் சுட்டிக்காட்டி, அவை மருத்துவர்களைப் போன்றவை, அழகியவை, விலைமிக்கவை, ஆயினும் எளிதில் எட்டாதவை என்றார். பின்னர்த் தம்மிடமிருந்த சிறிய விளக்கைக் காட்டினார். சரவிளக்கால் இயலாத ஒன்று தம் விளக்கால் இயலும், அதிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றலாம் என்பது அவர் கூறியதன் கருத்து. அவையிலிருந்தோர் எழுந்து நின்று கைதட்டினர்.

மேபெல் 1999இலும் ரஜனிகாந்த் 2011இலும் மறைந்தனர். சில ஊர்களில் தொடங்கிய பணி ஏறத்தாழ முந்நூறு சிற்றூர்களை எட்டியிருந்தது. அயல்நாட்டு மாணவர்களும் மருத்துவர்களும் ஜாம்கேடுக்கு வந்து பயில்கின்றனர். அவர்களுக்குக் கற்பிப்போருள் ஒருகாலத்தில் எழுத்தறியாது வந்த அப்பெண்களும் உண்டு. நாடு முழுவதும் சிற்றூர்ப் பெண்களை நலவாழ்வுப் பணியில் அமர்த்தும் 'ஆஷா' திட்டம் 2005இல் அறிவிக்கப்பட்ட தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின் வழியே வந்தது.

மழை மட்டும் மாறவில்லை. தீபாவளி கழிந்ததும் அப்பகுதியிலிருந்து இன்றும் கரும்பு வெட்டும் குடும்பங்கள் வண்டியேறுகின்றன.