பேசாத படம் சொல்லித் தந்த பாடம்

போன மாதம் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸில் வரலாறு சார் எங்களுக்கு ஒரு பழைய படம் போட்டுக் காட்டினார். பெயர் 'தி ஜெனரல்'. 1926-இல் வந்த அமெரிக்க ஊமைப்படம். "போச்சுடா, தூக்கம்தான் வரும்" என்று நினைத்தேன். ஆனால் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

கதை இதுதான். 1861-இல் அமெரிக்காவில் வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர் மூள்கிறது. ஜானி கிரே தெற்கைச் சேர்ந்த ரயில் டிரைவர். பட்டாளத்தில் சேரப் போகிறான். டிரைவர் வேலைக்கே அவன் தேவை என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. காதலியோ அவனைக் கோழை என்று நினைக்கிறாள். பிறகு வடக்கு உளவாளிகள் அவனுடைய 'ஜெனரல்' என்ற எஞ்சினைத் திருடிக்கொண்டு ஓடுகிறார்கள். ஜானி தனி ஆளாகத் துரத்துகிறான்.

ஒரு காட்சி. தன் வண்டிக்குப் பின்னால் மாட்டிய பீரங்கிக்குத் திரி வைக்கிறான். ஆட்டத்தில் அதன் வாய் மெல்ல மெல்லத் தாழ்ந்து அவனையே குறி பார்க்கிறது! நல்லவேளை, தண்டவாளம் வளைகிறது. குண்டு அவனை விட்டுவிட்டு எதிரி ரயிலுக்குப் பக்கத்தில் போய் விழுகிறது. நடித்தவர் பஸ்டர் கீட்டன். முகத்தில் சிரிப்பே கிடையாது. அவர் பயந்து தவிக்கத் தவிக்க நமக்குச் சிரிப்பு வருகிறது. எரியும் பாலம் உடைந்து ரயில் ஆற்றில் விழுமே, அதுவும் பொம்மை இல்லை. நிஜ எஞ்சின்!

படம் முடிந்ததும் சார் சொன்னார்: "இது நடந்த கதைடா. 1862 ஏப்ரல் 12, ஜார்ஜியா மாநிலம். சுமார் 140 கிலோமீட்டர் துரத்தினாங்க. எஞ்சினைத் திருடினவங்கள்ல 8 பேரைத் தூக்குல போட்டாங்க." வகுப்பே கப்சிப்.

அடுத்து என்னைப் பார்த்து, "ஜானி எந்தப் பக்கம்?" என்றார்.

"தெற்கு சார்."

"தெற்கு எதுக்காகப் பிரிஞ்சு போச்சு?"

"அடிமை முறையைக் காப்பாத்த..." சொல்லும்போதே எனக்குச் சுருக்கென்றது. அவ்வளவு நேரம் நான் கைதட்டியது அந்தப் பக்கத்துக்கா? அடிமைகளின் கஷ்டத்தைப் பற்றிப் படத்தில் ஒன்றுமே இல்லையே!

இப்போதும் அந்தப் படம் எனக்குப் பிடிக்கும். பீரங்கிக் காட்சியை இன்னொரு தடவை பார்த்தாலும் சிரிப்பேன். ஆனால் சண்டைப் படம் பார்த்தால் இனி இரண்டு கேள்வி கேட்பேன். கதையை யார் பக்கம் நின்று சொல்கிறார்கள்? யாரைக் காட்டாமல் விட்டுவிட்டார்கள்?

நீங்களும் கேட்டுப் பாருங்கள் நண்பர்களே!

- 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்