நடைபழகும் குழந்தையின் நிறையும் அரைத்துணியும்

நெல் விற்கும் குடியானவர் எவருக்கும் ஈரத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை தராசில் ஏறுவதற்கு முன்னரே கருவியை வைத்து ஈரப்பதம் பார்க்கிறார்கள். அது 17 சதவீதத்திற்கு மேற்படலாகாதென்பது பொது விதி. ஈர நெல்லின் நிறையில் நெல் பாதி, தண்ணீர் மீதி என்று வேடிக்கையாகப் பேசிக்கொள்வதும் உண்டு. களத்திலும் கொள்முதல் நிலையத்திலும் நாம் கைக்கொள்ளும் இந்த ஜாக்கிரதையை, நமது வீட்டுக் குழந்தையை நிறுக்கும்போது மட்டும் கைக்கொள்வதில்லை.

ஒரு வயது நிறைந்த குழந்தை அடுத்த ஓராண்டில் ஏறக்குறைய இரண்டரை கிலோ நிறை கூடவேண்டும். அதாவது மாதத்திற்குச் சுமார் 200 கிராம். பழைய புடவைத் துணியை நான்காக மடித்துக் கட்டி, அது இருமுறை நனைந்த பின்பு குழந்தையைத் தராசில் ஏற்றுவோமாயின், துணியும் அதில் தங்கிய நீரும் சேர்ந்து இந்த 200 கிராமை எளிதில் எட்டிவிடும். போதாததற்கு வெள்ளி அரைஞாணும் தண்டையும் இருக்கின்றன. சென்ற மாதம் வெற்றுடம்பாகவும் இம்மாதம் ஈரத்துணியோடும் நிறுத்தால், ஒரு குன்றுமணி அளவும் வளராத குழந்தை வளர்ந்ததாக அட்டையில் பதிவாகும். தாயும் தகப்பனும் நிம்மதியாக வீடு திரும்புவார்கள். ஒரு மாதம் வீணாகும். இவ்வயதில் வீணாகும் மாதங்களைப் பின்னால் ஈடு செய்வது எளிதன்று. ஆதலால் நிறையையும் துணியையும் ஒரே பாடமாக வைத்துக்கொண்டு சங்க அங்கத்தினர்களுக்குச் சில விஷயங்களைக் கூற முன்வந்தோம்.

நிறுக்கும் முறை

கோணி நிறுக்கும் தராசு இதற்கு உதவாது. 100 கிராமையாவது பிரித்துக் காட்டும் குழந்தைத் தராசு வேண்டும். அங்கன்வாடி மையத்தில் அது இருக்கிறது. நிறுப்பதற்கு முன் முள் சூன்யத்தில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். முத்திரையிட்ட 5 கிலோப் படிக்கல்லொன்றை ஏற்றிச் சரிபார்த்துக்கொள்வது இன்னும் உத்தமம். குழந்தையின் துணியையும் நகைகளையும் களைந்து, மாதாமாதம் ஏறக்குறைய ஒரே நாளில், ஒரே நேரத்தில் நிறுக்கவேண்டும். குளிர்காலத்தில் வெற்றுடம்பாக்க மனமில்லையெனில் உலர்ந்த ஒரே மெல்லிய சட்டையை ஒவ்வொரு முறையும் உபயோகிக்கலாம். அதன் நிறையைத் தனியே குறித்துக் கழித்துக்கொள்ளவேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2006-ம் ஆண்டு வெளியிட்ட அளவுகளின்படி, நடுத்தரமான ஆண் குழந்தை ஒரு வயதில் 9.6 கிலோவும், இரண்டு வயதில் 12.2 கிலோவும், மூன்று வயதில் 14.3 கிலோவும் இருக்கும். பெண் குழந்தைக்கு இவ்வளவுகள் முறையே 8.9, 11.5, 13.9 கிலோவாகும். இவை நடுத்தர அளவுகளேயன்றி, எல்லாக் குழந்தைகளும் எட்டியே தீரவேண்டிய எல்லைகளல்ல. ஆரோக்கியமான குழந்தைகளில் பாதிப்பேர் இதற்குக் கீழேதான் இருப்பார்கள். ஒரு வயதில் ஆண் குழந்தை 7.7 கிலோவுக்கும் பெண் குழந்தை 7 கிலோவுக்கும் குறைந்தால் அது நிறைக்குறைவு என்று கொள்ளப்படும்.

ஆயினும் ஒரு நாளைய நிறையைக் காட்டிலும் மாதாமாதம் அட்டையில் இடும் புள்ளிகளைச் சேர்க்கும் கோடு செல்லும் திசையே முக்கியம். இதை அங்கத்தினர்கள் நன்கு மனதிற் கொள்ளவேண்டும். சிறுத்த குழந்தையேயாயினும் அதன் கோடு மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தால் பயமில்லை. பருத்த குழந்தையின் கோடு இரண்டு மாதமாகப் படுத்துக் கிடந்தால் அதுவே கவலைக்குரியது. 1920-களிலும் 1930-களிலும் சென்னை மாகாணத்துப் பட்டணங்களில் சிசு வாரம் கொண்டாடிக் குழந்தைக் காட்சிகள் வைத்துப் பரிசளித்தார்கள். நல்ல நோக்கந்தான். ஆனால் ஒரு நாள் காட்சியில் கொழுகொழுவென்றிருந்த குழந்தை மறுமாதம் என்னவாயிற்றென்று பரிசுக் கோப்பை சொல்லாது.

மாதந்தோறும் நிறுத்துக் கோடு வரையும் அட்டையை, டேவிட் மார்லி என்னும் ஆங்கில வைத்தியர் நைஜீரியா தேசத்து இமெசி கிராமத்தில் 1950-களின் பிற்பகுதியில் பழக்கத்திற்குக் கொண்டுவந்தார். நம் நாட்டில் அதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமாகும். உலக வங்கியின் உதவியோடு மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் அது முதலில் ஆரம்பிக்கப்பட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை உள்ளூர்ப் பெண்களே மாதந்தோறும் நிறுத்தார்கள். யார் ஏழை என்று பார்த்து உணவு கொடுக்கவில்லை. எந்தக் குழந்தையின் கோடு தளர்ந்ததோ அதற்கு மட்டும் சுமார் மூன்று மாதம் மாவுருண்டை கொடுத்து, கோடு மீண்டும் ஏறியபின் நிறுத்திக்கொண்டார்கள். மாவுருண்டை செய்யும் வேலையையும் பல இடங்களில் கிராமத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து செய்தார்கள். இத்திட்டத்தின் இரண்டாம் பகுதி 1997-ல் முடிவுற்றது. நிறுக்கும் வேலை இப்போது அங்கன்வாடிகளில் நடந்துவருகிறது.

குழந்தையை நிறுத்தால் திருஷ்டி படும் என்று பாட்டிமார்கள் தடுப்பதுண்டு. அவர்களோடு வாதிடுவதில் பிரயோஜனமில்லை. கன்னத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்து நிறுத்துவிட்டு வருவதே நல்லது. பொட்டின் பாரம் தராசுக்குத் தெரியாது.

கோடு படுத்துவிட்டால்

காரணங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, உணவு நீர்த்துப் போதல். மற்றொன்று, வயிற்றுப்போக்கு.

ஒரு வயதுக் குழந்தையின் வயிறு சிறியது. ஒரு வேளைக்கு ஒரு தம்ளருக்கு மேல் கொள்ளாது. அந்தத் தம்ளர் முழுவதும் நீர்க்கஞ்சியாயிருந்தால் வயிறு நிறையுமேயொழிய உடம்பில் ஒட்டாது. கஞ்சி கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாமல் ஒட்டி நிற்கவேண்டும். தாய்ப்பால் குடிக்கும் ஒரு வயதுக் குழந்தைக்குப் பாலுக்கு மேற்பட்டு நாளொன்றுக்குச் சுமார் 550 கலோரி உணவு தேவை. அதை மூன்று நான்கு வேளைச் சாப்பாடாகவும், இடையில் ஒன்றிரண்டு சிற்றுண்டியாகவும் பிரித்துக் கொடுக்கவேண்டும். தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

இதற்கு வேண்டிய பொருள்களுக்காகக் கடைத்தெருவுக்குப் போகவேண்டுமென்பதில்லை. சம்பா, தாளடி வயலில் தெளிக்கும் உளுந்தும் பச்சைப்பயறும் நம் வீட்டுக் குதிரிலேயே இருக்கின்றன. வறுத்த அரிசி இரண்டு பங்கும் வறுத்த பயறு ஒரு பங்கும் சேர்த்து அரைத்த மாவைக் காற்றுப் புகாமல் வைத்துக்கொண்டு, வேண்டும்போது கெட்டியாகக் காய்ச்சலாம். அதில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ விட்டால் சுமார் 45 கலோரி கூடுகிறது. அளவு கூடுவதில்லை. இதுவே எண்ணெய் விடுவதிலுள்ள சூக்ஷ்மம். குழைத்த பருப்புச் சாதம், முருங்கைக்கீரை, முட்டை, முள் நீக்கிய மீன், வாழைப்பழம், பப்பாளி ஆகியவற்றைப் பெரியவர்கள் உண்ணும்போதே காரம் சேர்ப்பதற்கு முன் எடுத்து மசித்துக் கொடுக்கவேண்டும். அங்கன்வாடியில் மூன்று வயது வரை தரும் சத்துமாவு அந்தக் குழந்தைக்கு உரியது. அது வீட்டாரெல்லோருக்கும் பங்காகிவிடக்கூடாது. பிஸ்கோத்தும் சர்க்கரைப் பானமும் கொடுத்து நிறையை ஏற்றுவது ஈர நெல் விற்பதைப் போன்றதுதான்.

நமது பிரதேசத்திற்கே உரிய கஷ்டமொன்று உண்டு. மேட்டூர் அணையில் தண்ணீர் திறந்து, பாமணி ஆற்றிலும் கிளை வாய்க்கால்களிலும் நீர் ஓடத் தொடங்கியதும் நடவும், அதன்பின் களையெடுப்பும் வந்துவிடுகின்றன. தாய் விடியற்காலையில் வயலுக்குப் போனால் பிற்பகலில்தான் திரும்புகிறாள். எட்டு வயது அக்காளின் இடுப்பில் இருக்கும் குழந்தைக்குக் காலையில் ஒரு வாய், மாலையில் ஒரு வாய். கோடு படுப்பதற்கு வேறு காரணம் தேடவேண்டாம். வேலைக்கு ஆள் அழைக்கும் அங்கத்தினர்கள், கைக்குழந்தையுள்ள பெண்கள் நடுவேளையில் ஒருமுறை வீடு சென்று வர நேரம் விடுவார்களானால் அதனால் நடவு ஒன்றும் நின்றுபோகாது.

வயிற்றுப்போக்கின்போது உணவை நிறுத்துவது பெருந்தவறு. தாய்ப்பாலையும் மெத்தென்ற உணவையும் தொடர்ந்து கொடுத்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதில் கண்டபடி ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கரைத்து அடிக்கடி புகட்டவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் துத்தநாக மாத்திரையைப் பதினான்கு நாளும் விடாமல் கொடுக்கவேண்டும். போக்கு நின்ற பின் இரண்டு வாரம் தினம் ஒரு வேளை அதிகமாக ஊட்டினால் இழந்த நிறை திரும்பும்.

அரைத்துணி

இவ்விடத்தில்தான் துணியின் விஷயம் நிறையோடு சேருகிறது. குழந்தையின் மலத்தில் தீங்கில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதற்கு மாறானது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் பெரியவர்களுடையதைவிட அதில் அதிகமாயிருப்பதுண்டு. அத்துணியை வாய்க்கால் படித்துறையில் அலசினால், கீழ்த்துறையில் பாத்திரம் துலக்குகிறவர் வீட்டுக் குழந்தைக்கு அது போய்ச் சேருகிறது. மேல்துறையில் அலசியவருடைய துணியிலிருந்து நம் வீட்டிற்கும் வருகிறது.

ஆகையால் மலத்தை முதலில் கக்கூஸில் தட்டிவிட்டு, துணியைத் தனி வாளியில் ஊறவைத்துச் சவுக்காரம் போட்டுத் துவைக்கவேண்டும். அந்தத் தண்ணீரையும் கக்கூஸிலேயே ஊற்றிவிடுவது நல்லது. சிறுநீர் மட்டும் பட்ட துணி அலசிய நீரை வாழையடியில் விடலாம். சவுக்காரம் சிறிதும் தங்காமல் அலசி, நல்ல வெயிலில் உலர்த்தவேண்டும். துவைத்தவர் கையைச் சவுக்காரத்தால் கழுவிய பின்னரே குழந்தைக்கு ஊட்டவேண்டும்.

பலமுறை துவைத்த நூல் வேஷ்டியும் நூல் புடவையுமே அரைத்துணிக்கு உத்தமம். அவை மிருதுவாயிருப்பதோடு நீரையும் நன்றாக உறிஞ்சும். செயற்கை நூல் புடவை உறிஞ்சாது. புதுத் துணியாயின் கஞ்சிப்பசை போக நாலைந்து முறை துவைத்தபின் கட்டவேண்டும். முக்கால் கஜச் சதுரமாகக் கிழித்து ஓரம் தைத்து, முக்கோணமாக மடித்து இடுப்பின் பக்கத்தில் முடிச்சிட்டால் போதும். முடிச்சுக்கும் வயிற்றுக்குமிடையே இரண்டு விரல் நுழையவேண்டும். இருபது துணியாவது கையிலிருப்பது நலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முப்பதும் போதாது. அப்போது உலராத துணியைக் கட்டுவதைவிட, வீட்டிற்குள் கொடியில் போட்டுப் பின் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் கட்டுவது மேல். சாம்பிராணிப் புகையில் காட்டி உலர்த்துகிற வழக்கம் வாசனைக்குச் சரி. குழந்தையின் சுவாசத்திற்குச் சரியல்ல.

நனைந்த துணியை உடனே மாற்றாவிடில் தொடையிடுக்கில் சிவந்து புண்ணாகும். புண்ணுள்ள குழந்தை இரவெல்லாம் அழும், பகலில் உண்ணாது. தண்ணீரால் கழுவி, ஒற்றி உலர்த்தி, சிறிது தேங்காயெண்ணெய் தடவி, சில மணி நேரம் துணியின்றி விட்டால் பெரும்பாலும் ஆறிவிடும். பவுடர் தூவவேண்டாம். அத்தூள் மூச்சில் ஏறும். இடுக்கின் மடிப்புகளுக்குள் சிவந்து சுற்றிலும் சிறு பருக்கள் தோன்றி மூன்று நாளில் தணியாவிடில் அது பூஞ்சையாயிருக்கலாம். வைத்தியரிடம் காட்டவேண்டும். ஊருக்குப் போகும்போது கடையில் விற்கும் டயாபரைக் கட்டுவோர் அதை மூன்று நான்கு மணிக்கொருமுறை மாற்றவேண்டும். கழற்றியதை வாய்க்காலில் எறிகிறவர்கள் மதகில் அடைத்துக்கொள்ளும் குப்பையை ஒரு நாள் தாமே வாரிப் பார்க்கவேண்டும்.

தாய் தன் இரு பாதங்களின்மேல் குழந்தையை உட்காரவைத்துக் காலைக்கடன் பழக்கும் நமது பழைய வழக்கம் மிக நல்லது. துணியும் மிச்சம், துவைக்கும் வேலையும் மிச்சம். ஒன்றரை வயதிற்குமேல் குழந்தை தானே குறிப்புக் காட்டத் தொடங்கும். தவறினால் அடிக்கலாகாது.

சங்கம் செய்யக்கூடியது

மாதத்தில் ஒரு நாளை நிறுக்கும் நாளாக வைத்துக்கொண்டு, அங்கன்வாடிப் பணியாளருக்குத் துணையாக இரண்டு அங்கத்தினர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் போய் நிற்கலாம். நிறுக்கும் இடத்தில் உலர்ந்த சுத்தமான துணி பத்தும், வாளியும் சவுக்காரமும் தயாராயிருந்தால், ஈரத்துணியோடு நிறுக்கும் தவறு நேராது. மைய அட்டவணையிலும் தாய்சேய் அட்டையிலும் ஒரே எண்ணைத்தான் எழுதினார்களா என்று பார்க்கவேண்டும். கோடு இரண்டு மாதம் படுத்த குழந்தைகளின் வீடுகளுக்கு அந்த வாரத்திலேயே யாராவது போய் வரவேண்டும்.

மேற்கையின் நடுச்சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தையையும், இரண்டு பாதங்களும் வீங்கிய குழந்தையையும், உண்ணவோ குடிக்கவோ மறுக்கும் குழந்தையையும் அடுத்த நிறுக்கும் நாளுக்காக வைத்திருக்கலாகாது. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். அதற்கு வண்டி பேசிவிடும் செலவை, லாபத்தில் பொது நன்மைக்கென ஒதுக்கும் தொகையிலிருந்து கொடுப்பதற்கு விதி இடங்கொடுக்குமாவென்று அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் காரியதரிசியைக் கேட்டுத் தீர்மானித்துக்கொள்ளலாம்.