கோணாத துளை



சென்ற கோடை விடுமுறையில் சித்தூரில் என் பேரனுக்கு ஒரு சிறிய மரப் பந்தயக் கார் செய்து கொடுத்தேன். மாமரத் துண்டை இழைத்து, முனையைக் கூராக்கி, சிவப்பு வண்ணமும் அடித்த பிறகுதான் சக்கரங்களுக்குத் துளை போட்டேன். இடப்பக்கமிருந்து பாதி, வலப்பக்கமிருந்து பாதி. திண்ணையில் சாய்த்த பலகையில் மற்றப் பிள்ளைகளின் வண்டிகள் நேராக இறங்கின. எங்கள் வண்டி பாதி வழியிலேயே திரும்பிக் கீழே விழுந்தது. "தாத்தா, நம்ம வண்டிக்கு மட்டும் வழி தெரியல" என்றான் பேரன். தவறு என் கையில்தான் இருந்தது.

இந்த விளையாட்டு அமெரிக்கச் சாரணச் சிறுவரிடையே புகழ் பெற்றது. 1953-ல் கலிபோர்னியாவில் டான் மர்பி என்பவர், பெரிய வண்டிப் பந்தயத்தில் சேர வயது போதாத தம் மகனுக்காக இதைத் தொடங்கினார். 7 அங்குலக் கட்டை, 5 அவுன்சுக்கு (சுமார் 142 கிராம்) மிகாத எடை என்பது அங்குள்ள வழக்கம்.

திருப்பதியில் எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் காரைக் காட்டினேன். அவர் வண்ணத்தைப் பார்க்கவில்லை. கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார். அவரிடம் கற்றதைக் கீழே தருகிறேன்.

1. கட்டை சதுரமாக இருக்கும்போதே துளையிடுங்கள். செதுக்கிய பின் மூலைமட்டம் வைக்க நேரான பக்கம் இராது.

2. இரு அச்சுகளுக்கும் அடி விளிம்பிலிருந்தே அளவெடுங்கள். 8 மில்லிமீட்டர் உயரம் போதும். விளிம்பை நெருங்கினால் மரம் பிளக்கும்.

3. குறித்த இடத்தில் ஆணி முனையால் சிறு குழி போடுங்கள். இல்லையேல் டிரில் பிட் மரத்தின் ரேகையோடு வழுக்கி ஓடும்.

4. கட்டையைக் கையில் பிடிக்காமல் வைஸில் இறுக்குங்கள். அடியில் வேண்டாத பலகை ஒன்றை வைத்தால் மறுபக்கம் சிலாம்பு பெயராது.

5. ஒரே பக்கமிருந்து முழுவதும் துளையிடுங்கள். பக்கத்தில் மூலைமட்டத்தை நிறுத்தி, பிட் அதற்கு இணையாக இறங்குகிறதா என்று பாருங்கள். அவ்வப்போது வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள். "மெல்லகா, மெல்லகா" என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே இருந்தார் ஆசாரி.

6. அச்சுக் கம்பி 4 மில்லிமீட்டர் என்றால் கட்டையின் துளை 4.5 இருக்கட்டும், கம்பி தாராளமாகச் சுழலும். சக்கரத்தின் துளை மட்டும் இறுக்கமாக இருக்கவேண்டும்.

7. எடை கூட்டப் போடும் குழி அச்சுத் துளையைத் தொடக்கூடாது. ஈயம் நஞ்சு, இரும்பு நட்டுகளே நல்லவை.

டிரில்லைப் பெரியவர்களே இயக்கவேண்டும். பிள்ளைகள் அளந்து, கோடு போட்டு, உப்புக் காகிதம் தேய்க்கட்டும். மரப்பாச்சி செய்யும் செம்மரத்தைத் தேடவேண்டாம். அது காக்கப்படும் மரம், கடினமும் கூட. மரக்கடையில் கிடைக்கும் துண்டு போதும்.

இரண்டாவது காருக்கு நாங்கள் வண்ணமே அடிக்கவில்லை. பரிசும் கிடைக்கவில்லை. ஆனால் பலகையின் கடைசி வரை நேராக ஓடிற்று. மூலைமட்டம் பிடித்தவன் பேரன். அந்தப் பெருமை அவன் முகத்தில் தெரிந்தது. நம் சங்கத்துப் பிள்ளைகளோடும் இந்த விடுமுறையில் செய்து பாருங்களேன்!