ஆள்மாறாட்ட நகைச்சுவை

துயரப் படக்காட்சியைக் கண்டு வெளிவருவோர் பெரும்பாலும் ஒரு மனத்தினராய் இருப்பர். நகைச்சுவைப் படத்தைக் கண்டோர் அங்ஙனம் இரார். ஒருவர் வயிறு குலுங்க நகைத்த இடத்திலேயே, அடுத்திருந்தவர் "இஃது எங்ஙனம் நடக்கும்?" என்று முகஞ் சுளிப்பர். இவ்வேறுபாட்டை நாம் ஆராயப் புகுந்தது "தில்லு முல்லு" என்னும் படத்தைப் பற்றி லால்பேட்டையில் உறவினரும் அயலாரும் கூறக் கேட்ட பல்வேறு கருத்துக்களாலாம். வீராணம் ஏரியை அடுத்த இவ்வூரில், படக்காட்சியை விரும்பாத பெரியோர் பலர் உளர். எனினும் இப்படத்தைப் பற்றி ஒரு சொல்லேனும் சொல்ல இயலாதாரை நாம் அங்குக் கண்டிலம்.

இப்படம் 1981ஆம் ஆண்டில் கே. பாலசந்தர் இயக்க வெளிவந்தது. இதற்கு மூலம், ஹிருஷிகேஷ் முகர்ஜி 1979இல் இந்தியில் ஆக்கிய "கோல்மால்". போர்க்களமும் அரண்மனையும் வேண்டாத கதை. ஒரு வீடு, ஓர் அலுவலகம், ஒரு மீசை, இவையே முதற்பொருள். கதையும் சிறிதே. சந்திரன் என்பான் தங்கையைக் காக்கும் பொறுப்புடைய, வேலையற்ற இளைஞன். ஸ்ரீராமச்சந்திரமூர்த்தி என்னும் முதலாளியோ பழமைப் பற்றுடையவர், மீசையுடையாரையே மதிப்பவர், விளையாட்டில் நாட்டமுடைய இளைஞரை வெறுப்பவர். இவற்றை முன்னரே கேட்டறிந்த சந்திரன், அவர் விரும்பும் கோலத்திற் சென்று வேலையைப் பெறுகின்றான். பின்னர், பொய் சொல்லி விடுப்புப் பெற்று விளையாட்டுப் போட்டி காணச் சென்றவிடத்து முதலாளியின் கண்ணிற் படுகின்றான். தப்பும் வழி காணாது, "தாங்கள் கண்டது மீசையில்லாத என் இரட்டைத் தம்பி இந்திரனை" என்று கூறிவிடுகின்றான். அதன்பின் ஒருவனே இருவனாய் வாழவேண்டியதாகின்றது; இல்லாத தாயின் இடத்திற்கும் ஒரு சீமாட்டியைக் கொணர நேர்கின்றது.

இனி, கண்டோர் கூற்றுக்கு வருவோம். முதற்கண் நாம் கேட்டது, பலரும் கூறும் குறை: "நாள்தோறும் பார்க்கும் முகம், மீசையை எடுத்துவிட்டால் தெரியாமற் போகுமா? அம்முதலாளி அவ்வளவு மூடரா?" இவ்வினா நேரியதே. ஆயின், அவரை மூடர் எனல் பொருந்துமா? அவர் ஒரு நிறுவனத்தை நடத்துபவர்; கணக்குத் தவறாதவர்; பிறர் பொய்யைத் துருவிப் பிடிக்கும் ஆற்றலுடையவர்.

ஈண்டு தொல்காப்பியர் நமக்குத் துணை புரிகின்றார். நகை பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுத்த அவர், பேதைமையை ஒன்றாகவும் மடனை வேறொன்றாகவும் வைத்தார். இரண்டும் அறியாமையே போலத் தோன்றினும், உரையாசிரியர் அவற்றைப் பிரித்துக் காட்டுவர். பேதைமை வெறும் அறிவின்மை. மடனோ, ஒருவர் புகட்டியதை ஏற்றுக்கொண்டு, ஏற்றதை எக்காரணத்தாலும் விடாதிருத்தல். ஸ்ரீராமச்சந்திரமூர்த்தியிடம் உள்ளது மடனே. "மீசையுடையான் நல்லவன், மீசையில்லான் தீயவன்" என்று முன்னரே முடிவு செய்துகொண்டவர், எதிரே நிற்பவனின் முகத்தை நோக்குவதே இல்லை, மீசையை மட்டும் நோக்குகின்றார். ஆதலின் ஒரு முகம் அவருக்கு இரண்டாகின்றது. பேதையை ஏமாற்றுதல் இத்துணை நகை விளைக்காது. சிறிது இரக்கமும் கலந்துவிடும். கொண்டதை விடாதவர் தம் கொள்கையாலேயே ஏமாறுங்கால் நாம் தடையின்றி நகைக்கின்றோம். தேங்காய் சீனிவாசன் இதனை நன்கு உணர்ந்து நடித்தார் என்பது எம் துணிபு. அவர் ஒருமுறையேனும் அசடராய் நடித்தாரில்லை. முற்றும் உறுதியோடு ஏமாறுகின்றார். படத்தின் தலைவர் ரஜினிகாந்தா, இவரா என்று லால்பேட்டைத் தேநீர்க்கடையில் நடந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. நாம் சீனிவாசன் கட்சி.

ஷேக்ஸ்பியர் இயற்றிய "காமெடி ஆஃப் எரர்ஸ்" என்னும் நாடகத்தை இதனோடு ஒப்பிடல் தகும். உரோமப் புலவர் பிளாட்டஸின் நாடகத்தை அடியொற்றி எழுந்த அதில், முதலாளிகள் இருவரும் இரட்டையர். பணியாளர் இருவரும் இரட்டையர். அங்கே உண்மையில் இருவர் உளர், ஊரார் ஒருவரென மயங்குவர். இங்கே உண்மையில் ஒருவனே உளன், முதலாளி இருவரென மயங்குவர். அங்கு மயக்கம் இயற்கையால் நேர்வது. எவர் மீதும் குற்றமில்லை. இங்கோ, ஒருவர் விருப்பமும் மற்றவர் வறுமையும் கூடி அதனை ஆக்குகின்றன. 1941ஆம் ஆண்டில் வெளிவந்த "சபாபதி" என்னும் படம், பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவியது. அதில் எசமானனுக்கும் வேலைக்காரனுக்கும் பெயர் ஒன்றே. தில்லை இறைவன் பெயராதலின், சிதம்பரத்தைச் சுற்றிய ஊர்களில் தெருவில் அப்பெயரைக் கூவினால் பலர் திரும்பிப் பார்த்த காலம் உண்டு!

இரண்டாவது குறை, முதியோர் கூறுவது. "பொய் சொன்னவனுக்கு வேலையும் கிடைக்கிறது, முதலாளி மகளும் கிடைக்கிறாள், பிள்ளைகள் இதைப் பார்த்து எதைக் கற்பார்கள்?" என்று ஒரு பெரியவர் எம்மைக் கேட்டார். அவரை மறுத்துரைக்க எமக்கு மனம் இல்லை. ஆயினும் ஒன்று கூறலாம். சந்திரன் அவ்வேலைக்குத் தகுதியற்றவன் அல்லன், படித்தவன், உழைப்பவன். தகுதியை எவரும் கேளாது மீசையைக் கேட்டமையால் மீசையோடு சென்றான். விடுப்புக்காக அவன் சொன்ன பொய்யை நாம் தாங்கிப் பேச மாட்டோம். அதற்கு அவன் படும் பாடே படத்தின் பெரும்பகுதி. வேலை தேடிச் சென்ற இளைஞர் இப்பெரியவர் பக்கம் நின்றாரில்லை என்பதையும் குறிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

மூன்றாவது கருத்து, நாம் எதிர்பாராதது. லால்பேட்டை இளைஞர் பலர் வளைகுடா நாடுகளுக்கும் மலேயா, சிங்கப்பூருக்கும் பிழைப்பு நாடிச் செல்வது அறிந்ததே. அங்ஙனம் சென்று மீண்ட அயலார் ஒருவர், இப்படத்தை அயல்நாட்டில் ஓர் அறையில் எண்மர் நெருங்கியிருந்து ஒளிநாடாவிற் பலமுறை கண்டவர். அவரிடம், மீசையைக் கொண்டு ஆளைப் பிரித்தல் நம்பத்தக்கதா என்று வினவினோம். அவர் நகைத்து, "தம்பி, நான் தாடி இல்லாமல் படம் எடுத்துப் பாஸ்போர்ட் வாங்கினேன். நாலு வருஷம் கழித்துத் தாடியோடு திரும்பி வந்தபோது, 'இது நீ இல்லை' என்று ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். படத்திலே ஒரே ஆளை இரண்டு ஆள் என்றால் நம்புகிறார்கள், என்னை நான்தான் என்றால் நம்பவில்லை" என்றார். சுற்றியிருந்தோர் நகைத்தனர், அவரும் நகைத்தார். பின்னர், சந்திரன் முதன்முதல் முதலாளியின் முன் நின்று, அவர் கண் தன் மேலுதட்டில் நிற்பதைக் காணும் இடத்தில் மட்டும் தமக்கு நகை வருவதில்லை என்றும் கூறினார். மடனுடையார் முன் நிற்போன் நிலை இஃதென்பதை நூல்கள் எமக்கு இத்துணைத் தெளிவாய் உணர்த்தியதில்லை. தொலைவில் இருந்து நோக்குவார்க்கு நகையாய் இருப்பது, வரிசையில் நிற்பார்க்கு வேறாய் இருக்கின்றது.

பெண்டிர் கருத்தை ஆடவர் பலரும் கேட்பதில்லை. நாம் கேட்டபொழுது அவர்கள் பேசியது பெரும்பாலும் சௌகார் ஜானகியைக் குறித்தே. கண்ணீர் வடிக்கும் வேடங்களில் முன்பு கண்டவர், இங்கே பொய்த்தாயாய்த் துணிந்து நடித்தல் அவர்கட்குப் பெருவிருந்து. வில்லனாகவும் வீரனாகவும் பேர்பெற்ற ரஜினிகாந்த் மீசையின்றித் தோன்றியது ஆடவர்க்கு வியப்பாயிருந்தவாறே இதுவும் என்க. இப்படத்தை 2013இல் மீண்டும் புதிதாய் எடுத்தனர். அதைக் கண்டவருள் பழையதை மறந்தார் எவரையும் நாம் சந்தித்திலம்.

இந்தி மூலத்தையும் கண்ட இளைஞர் சிலர் அதன் முடிவைச் சிறப்பித்துக் கூறினர். அதில் உத்பல் தத் என்னும் நடிகர் முதலாளி வேடம் பூண்டார். எல்லாம் வெளிப்பட்ட பின்னர், அம்முதலாளி தம் மீசையையே மழித்துக்கொண்டு குடும்பத்தாருடன் தோன்றுகின்றார். எவரும் அவரை வேறொருவர் என்று எண்ணவில்லை.