பச்சைப் பிள்ளைக்குச் சூடு வேணும்

"மூவார் வெயில்ல பிள்ளைக்கு ஏது குளிர்?" என்று தோட்டத்துப் பாட்டிமார் கேட்பதுண்டு. தாய்மார்களே, வயிற்றுக்குள் கதகதப்பாக இருந்த பிள்ளை ஈரத்தோடு வெளியே வருகிறது. ஈரம் காயக் காய உடம்புச் சூடும் போய்விடும். 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளை இன்னும் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அப்புறம் பால் குடிக்காது, சோர்ந்துபோகும், உயிருக்கே ஆபத்து.

ஆஸ்பத்திரி இன்குபேட்டர் விலை கூடியது, கரண்டும் வேண்டும். அதனால் 2007-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் சிலர் 'எம்பிரேஸ்' என்ற குட்டித் தூக்கப்பையை உருவாக்கத் தொடங்கினார்கள். அதனுள் ஒருவகை மெழுகு. உருக்கி வைத்தால், மெல்ல இறுகும்போது பல மணி நேரம் 37 டிகிரி சூடு கொடுக்கும். பெங்களூரிலிருந்து அது இந்திய ஆஸ்பத்திரிகளுக்குப் போனது.

காசே இல்லாத கருவியும் உண்டு: தாயின் நெஞ்சு. 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகர டாக்டர்கள் இன்குபேட்டர் போதாமல் கண்ட 'கங்காரு' முறை இது. பிள்ளைக்குத் தொப்பியும் நாப்கினும் மட்டும் போட்டு, வெறும் நெஞ்சோடு அணைத்து, சாரோங்கால் சுற்றிக் கட்டுங்கள். மூக்கும் வாயும் மூடக்கூடாது. அப்பாவும் செய்யலாம். குறைமாத, எடை குறைந்த பிள்ளைகளை நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் இப்படி வைக்கச் சொல்லி, உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது.

பிறந்ததும் துடையுங்கள். முதல் குளியல் 24 மணி நேரம் பொறுக்கட்டும். சுடுதண்ணீர் போத்தலைப் பக்கத்தில் வைக்காதீர்கள், தோல் வெந்துபோகும். அணைத்தும் உடம்பு சில்லென்றே இருந்தால், பால் குடிக்காவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நெஞ்சோடு அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.